மெல்பேர்னிலிருந்து வந்த ரோயல் ஜெலி: யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது?

கேள்வி: வெள்ளவத்தையில் அம்மா, கணவர், ஒன்பது வயது மகன் ஆகியோருடன் வசிக்கிறேன். அம்மாவுக்கு வயது 71. நீரிழிவு உண்டு, இதயத்தில் செயற்கை வால்வு பொருத்தப்பட்ட நாள் முதல் இரத்தம் உறைவதைத் தடுக்கும் வோர்பரின் குளிசை எடுத்து வருகிறார். மகனுக்குத் தொய்வு (ஆஸ்துமா). மெல்பேர்னில் இருக்கும் அண்ணா மூன்று போத்தல் ரோயல் ஜெலி கப்சியூலும் ஒரு போத்தல் புரொபொலிஸ் திரவமும் அனுப்பியிருக்கிறார். அம்மாவின் களைப்பும் மூட்டு நோவும் போகும், மகனுக்கு அடிக்கடி வரும் சளி குறையும், இயற்கைப் பொருள் என்பதால் பக்கவிளைவு கிடையாது என்கிறார். அம்மா இரண்டு நாட்களாக ஒவ்வொன்று விழுங்கியும் விட்டார். போத்தலின் பின்னால் சிறிய எழுத்தில் ஏதோ எச்சரிக்கை இருக்கிறது. இதைத் தவிர, அம்மா சீனியை விட்டுத் தேனுக்கு மாறியிருக்கிறார். அடுத்த மாதம் பிள்ளை பெறவிருக்கும் என் தங்கையின் மாமியார், குழந்தையின் நாவில் தடவுவதற்கென்று மலைத்தேன் வாங்கி வைத்திருக்கிறார். எதை ஏற்கலாம், எதை விடலாம்?
வாசகி, கொழும்பு 06

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்டவை நான்கு. அவற்றுள் இரண்டுக்கு விடை தாமதமின்றித் தெரிந்திருக்க வேண்டும் என்பதால் அவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ரோயல் ஜெலியை அம்மாவுக்கும் கொடுக்க வேண்டாம், மகனுக்கும் கொடுக்க வேண்டாம். பிறக்கவிருக்கும் குழந்தையின் நாவில் தேன் ஒரு துளிகூடப் படக்கூடாது. உங்கள் அண்ணா அன்பினால்தான் அனுப்பியிருக்கிறார் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவர் அனுப்பிய பொருளுக்கு ஆகவே ஆகாத இரண்டு பேர் உங்கள் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். மருந்தாளர் என்ற முறையில் அதற்கான காரணங்களை ஒவ்வொன்றாக விளக்க விரும்புகிறேன், ஏனெனில் காரணம் தெரிந்தால்தான் அண்ணாவிடமும் மாமியாரிடமும் மனம் நோகாமல் எடுத்துச் சொல்ல முடியும்.

தமிழில் அரசக் கூழ் என்று சிலர் எழுதும் இந்த ரோயல் ஜெலி, தேனைப்போலப் பூவிலிருந்து வருவதன்று. கூட்டில் புழுக்களைப் பராமரிக்கும் இளம் வேலைக்காரத் தேனீக்களின் தலைப்பகுதியில் உள்ள சுரப்பிகளிலிருந்து ஊறும் வெண்ணிறக் கூழ் அது. சுவையில் புளிப்பும் நாவைச் சுண்டும் காரமும் உண்டு. முதல் மூன்று நாட்கள் எல்லாப் புழுக்களுக்கும் இக்கூழ் ஊட்டப்படுகிறது. அதன்பின் வேலைக்காரத் தேனீயாகப் போகும் புழுவுக்குத் தேனும் மகரந்தமும் கலந்த உணவு வருகிறது. இராணியாகப் போகும் புழுவுக்கோ இறுதிவரை இக்கூழே கிடைக்கிறது. வேலைக்காரத் தேனீ சுறுசுறுப்பான பருவத்தில் ஏறத்தாழ ஆறு வாரங்களே உயிர் வாழ, அதன் உடன்பிறப்பான இராணி ஆண்டுக் கணக்கில் வாழ்கிறது. நாளொன்றுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட முட்டைகளை இடவும் வல்லது. இந்த வேறுபாடு வியப்புக்குரியது என்பதை மறுக்க முடியாது. விற்பனைத் தாள்கள் அனைத்தும் இவ்வியப்பிலிருந்து தொடங்கி, இராணிக்கு நீண்ட ஆயுளைக் கொடுத்தது மனிதருக்கும் கொடுக்கும் என்ற முடிவுக்கு ஒரே தாவலில் போய்விடுகின்றன.

அந்தத் தாவலில்தான் பிழை இருக்கிறது. 2008ஆம் ஆண்டில் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் தேனீப் புழுக்களில் ஒரு குறிப்பிட்ட மரபணுவின் செயலை அடக்கிப் பார்த்தார்கள். மரபணுக்களின் மேல் வேதியியல் குறிகளை இட்டு, எது இயங்க வேண்டும், எது அடங்க வேண்டும் என்று தீர்மானிக்கும் நொதியை உருவாக்குவது அந்த மரபணு. அது அடக்கப்பட்ட புழுக்களுள் பெரும்பாலானவை, தொடர்ந்து ஊட்டப்பட்ட ரோயல் ஜெலியின் துணையின்றியே, இராணியின் உடலமைப்புடன் வெளிவந்தன. அதாவது, இக்கூழ் ஓர் உயிர்ச்சத்துக் களஞ்சியம் என்பதால் மட்டும் இராணி உருவாகவில்லை. தேனீப் புழுவின் உடலில் முன்பே எழுதி வைக்கப்பட்டிருக்கும் இரண்டு பாதைகளுள் ஒன்றை, வளர்ச்சியின் ஒரு குறுகிய காலத்துக்குள், அது திறந்துவிடுகிறது. எழுபது வயதைத் தாண்டிய மனித உடலில் திறப்பதற்கு அப்படியொரு கதவு கிடையாது. விழுங்கிய கூழின் புரதங்களை நமது இரைப்பையும் குடலும் பருப்பிலும் மீனிலும் உள்ள புரதங்களைச் செரிப்பதுபோலவே செரித்துவிடும்.

சத்துணவு என்ற கணக்கில் பார்த்தாலும் பெரிதாக எதுவும் இல்லை. புதிய ரோயல் ஜெலியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நீர். புரதம் நூற்றுக்கு 9 முதல் 18 வரை. மீதியில் சீனி, கொழுப்பு, சிறிதளவு பி வகை உயிர்ச்சத்துகள். ஒரு கிராம் கூழில் கிடைக்கும் புரதம் ஒரு கிராமில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. ஒரு கோழி முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் இருக்கிறது. களைப்புக்கும் மூட்டு நோவுக்கும் கொலஸ்டரோலுக்கும் மாதவிடாய் நின்ற காலத்துத் தொல்லைகளுக்கும் இதைச் சோதித்த மனித ஆய்வுகள் உண்டு. ஆனால் அவை பெரும்பாலும் சிறு தொகையினரிடம் சில வாரங்கள் மட்டும் நடத்தப்பட்டவை. அவற்றின் முடிவுகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ரோயல் ஜெலியைப் பற்றிய ஆரோக்கிய உரிமைகோரல்களை 2011இல் ஆராய்ந்து, அவற்றை ஏற்பதற்குப் போதிய ஆதாரம் இல்லையென்று முடிவு செய்தது. என் தனிப்பட்ட கருத்தும் அதுவே.

பயன் ஐயத்துக்குரியது என்பதோடு நின்றிருந்தால், பணம்தான் வீண், குடித்துப் பாருங்கள் என்று விட்டிருப்பேன். உங்கள் மகனின் நிலை அப்படி விடக்கூடியதன்று. போத்தலின் பின்னால் நீங்கள் கண்ட சிறிய எழுத்து, அவுஸ்திரேலியாவில் ரோயல் ஜெலி அடங்கிய பொருட்களின் மேல் கட்டாயமாக அச்சிடப்பட வேண்டிய வாசகம். இப்பொருள் கடுமையான ஒவ்வாமையை ஏற்படுத்தியிருக்கிறது என்றும், அரிதாக உயிரிழப்பும் நேர்ந்திருக்கிறது என்றும், தொய்வும் ஒவ்வாமையும் உள்ளவர்களுக்கே குறிப்பாக இந்த ஆபத்து உண்டு என்றும் அது சொல்கிறது. அது வெறும் சம்பிரதாயத்துக்காக எழுதப்பட்டதன்று. 1990களில் அந்நாட்டிலேயே தொய்வுள்ள ஒரு சிறுமி ரோயல் ஜெலி உட்கொண்டபின் உயிரிழந்தாள். அதே காலத்தில் ஹொங்கொங் வைத்தியர்களும், இதை உட்கொண்டதும் கடுமையான மூச்சிரைப்புக்கும் ஒவ்வாமை அதிர்ச்சிக்கும் ஆளானவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் எழுதினார்கள். கூழின் முதன்மையான புரதங்களே அந்த ஒவ்வாமையைத் தூண்டுகின்றன. ஆகவே சரக்கு சுத்தமானது, உயர்தரமானது என்பது இங்கே பாதுகாப்பாகாது. சுத்தமான கூழில் அப்புரதங்கள் முழுமையாகவே இருக்கும். 'கொஞ்சமாகக் கொடுத்துப் பார்ப்போம்' என்ற யோசனையும் வேண்டாம், ஏனெனில் ஒவ்வாமைக்குச் சிறிய அளவே போதும். யாராவது கொடுத்துவிட்டு, பிள்ளைக்கு உதடோ முகமோ வீங்கினால், உடம்பில் தடிப்பு எழுந்தால், மூச்சு இரைத்தால், தலை சுற்றினால், இன்ஹேலரை அடித்துவிட்டு வீட்டில் காத்திருக்காமல் உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். அந்த நிலையில் அவனுக்குத் தேவைப்படுவது அட்ரினலின் ஊசி.

இனி அம்மா. வோர்பரின் மிகக் குறுகலான வரம்புக்குள் வேலை செய்யும் மருந்து. அளவு குறைந்தால் செயற்கை வால்வின் மேல் இரத்தம் உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போய்ப் பாரிசவாதத்தை உண்டாக்கலாம். கூடினால் உள்ளே இரத்தம் கசியலாம். அதனால்தான் கிளினிக்கில் இரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதைக் காட்டும் ஐ.என்.ஆர். என்ற இரத்தப் பரிசோதனையைத் திரும்பத் திரும்பச் செய்து, கொப்பியில் எழுதி, குளிசையின் அளவைக் கூட்டியும் குறைத்தும் தருகிறார்கள். வோர்பரின் எடுத்துக்கொண்டிருந்த ஒரு முதியவர், ரோயல் ஜெலி தொடங்கிய சிறிது காலத்தில் சிறுநீரில் இரத்தம் கண்டு வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டதும், அவருடைய ஐ.என்.ஆர். உயர்ந்திருந்ததும் 2006இல் ஒரு மருந்தியல் இதழில் பதிவாகின. ஒரு நோயாளியின் அனுபவத்தைக் கொண்டு எல்லோருக்கும் விதி எழுத முடியாது என்று நீங்கள் கேட்கலாம், கேள்வி நியாயமானதே. ஆனால் தராசின் ஒரு தட்டில் நிரூபிக்கப்படாத ஒரு பயனும், மறுதட்டில் செயற்கை வால்வுள்ள ஒருவரின் மூளைக்குள் இரத்தக் கசிவும் இருக்கும்போது, இரண்டாவது நோயாளியின் வரவுக்காகக் காத்திருக்க நான் ஒப்பமாட்டேன்.

அம்மா இரண்டு கப்சியூல் விழுங்கிவிட்டாரே என்று பதற வேண்டாம். இன்றே நிறுத்துங்கள். வோர்பரினை மட்டும் எக்காரணம் கொண்டும் நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ கூடாது. அடுத்த கிளினிக் திகதி தள்ளி இருந்தால் அதுவரை பொறுத்திராமல், இந்த வாரத்துக்குள் ஐ.என்.ஆர். ஒன்று எடுத்து, போத்தலையும் கொப்பியையும் கையோடு கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டுங்கள். அதற்கிடையில் ஈறிலோ மூக்கிலோ இரத்தம் கசிந்தாலும், சிறுநீர் சிவந்தாலும், மலம் தார்போலக் கறுத்தாலும், அடிபடாத இடத்தில் கண்டல் தோன்றினாலும், திடீரென்று கடும் தலையிடி வந்தாலும் திகதியைப் பார்க்க வேண்டாம், நேரே வைத்தியசாலைக்குப் போங்கள். மருந்து மேசைக்கு வரும் முதியவர்களிடம், வேறு என்ன எடுக்கிறீர்கள் என்று கேட்டால், பலர் ஒன்றுமில்லை என்பார்கள். பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து அனுப்பியதை அவர்கள் மருந்தாகவே எண்ணுவதில்லை. அம்மாவின் கொப்பியின் முதற் பக்கத்தில், மருந்துகளின் பெயர்களோடு, இப்படி வந்து சேரும் எல்லாவற்றையும் எழுதி வைக்கும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

களைப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீரிழிவும் செயற்கை வால்வும் உள்ள 71 வயதுப் பெண்மணிக்குக் களைப்பு என்பது டொனிக் கொடுத்து மறைக்க வேண்டிய ஒன்றன்று, காரணம் தேட வேண்டிய ஒன்று. இரத்தச்சோகை, தைரொயிட் குறைபாடு, சிறுநீரகத் தளர்ச்சி, கட்டுப்பாட்டில் இல்லாத சீனி, இதயத்தின் வலுக்குறைவு, இவற்றுள் எதுவாகவும் இருக்கலாம். வோர்பரின் எடுப்பவருக்கு இரத்தம் மெல்ல மெல்லக் குடலில் கசிந்தும் சோகை வரலாம். மூட்டு நோவுக்கும் கடையில் தாமாக வலிக் குளிசை வாங்கி விழுங்கவிட வேண்டாம். இபுபுரோபன், டைக்ளோபினாக் போன்றவை வோர்பரினோடு சேரும்போது இரத்தக் கசிவின் ஆபத்தை மிகவும் கூட்டுகின்றன. இது ரோயல் ஜெலியைவிட உறுதியாக நிறுவப்பட்ட ஆபத்து.

புரொபொலிஸ் வேறு பொருள். மரங்களின் மொட்டிலும் பட்டையிலும் கசியும் பிசினைத் தேனீக்கள் சேகரித்து, மெழுகோடு பிசைந்து, கூட்டின் வெடிப்புகளை அடைக்கப் பயன்படுத்தும் பசை அது. பூஞ்சைக்கும் கிருமிக்கும் எதிரான ஆற்றல் அதற்கு ஆய்வுகூடத்தில் உண்டு. ஆனால் எந்த மரத்தின் பிசின் என்பதைப் பொறுத்து அதன் சேர்க்கை நாட்டுக்கு நாடு மாறுவதால், ஓரிடத்துப் புரொபொலிஸைப் பற்றிய ஆய்வு இன்னோரிடத்துப் போத்தலுக்குப் பொருந்தும் என்று கொள்ள முடியாது. தோலில் ஒவ்வாமைச் சிரங்கை உண்டாக்குவதில் அது பெயர் பெற்றது. திரவ வடிவில் வருவது பெரும்பாலும் மதுசாரத்தில் கரைக்கப்பட்டது. உங்கள் வீட்டின் இருவருக்கும் அதுவும் வேண்டாம். நமது பெட்டிகளில் வளர்க்கப்படும் நாட்டுத் தேனீ பிசின் சேர்க்கும் வழக்கம் உடையதன்று என்பதை இங்கே சொல்லத் தோன்றுகிறது. பழைய சுவர்ப் பொந்துகளில் கூடு கட்டும், கொட்டாத கொசுத்தேனீயே நம்மிடையே பிசினைச் சேர்க்கிறது. உலகச் சந்தையில் விற்கப்படும் ரோயல் ஜெலியின் பெரும்பகுதியும் நமது நாட்டுத் தேனீயின் கூட்டிலிருந்து வருவதன்று. சீனாவில் வளர்க்கப்படும் மேலைத் தேனீயின் கூட்டிலிருந்து வருவது.

தேனைப் பற்றி எழுதும்போது எனக்கு மனம் இளகுகிறது. தேனும் தினைமாவும் கொடுத்த வள்ளியின் கதையைக் கதிர்காமத்துக் காட்டோடு சேர்த்துக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம்; சூரணத்தைத் தேனில் குழைத்து நாவில் வைத்த பாட்டிமாரின் கை நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆயினும் அம்மா சீனியை விட்டுத் தேனுக்கு மாறியதில் அவருக்கு இலாபமில்லை. தேனில் நூற்றுக்கு எண்பது பங்கு சீனி வகைகளே. மீதியில் பெரும்பங்கு நீர். தேன் சீனியைவிடக் கனமானது என்பதால் ஒரு தேக்கரண்டித் தேன் ஏறத்தாழ 7 கிராம் நிறை கொள்ளும். அதில் ஐந்தரைக் கிராமுக்குக் குறையாமல் சீனி இருக்கும். மட்டமாக அள்ளிய ஒரு தேக்கரண்டிச் சீனியின் நிறையோ 4 கிராம் அளவே. ஆக, கரண்டிக்குக் கரண்டி மாற்றியதில் அம்மாவின் தேநீரில் சீனி கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. ஆசைக்கு எப்போதாவது அரைக் கரண்டி என்றால் தடுக்கமாட்டேன். அதையும் அன்றைய மாச்சத்துக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

தேனுக்கு உண்மையான மருத்துவப் பயன் இரண்டு உண்டு. ஒன்று இருமல். ஒரு வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்குச் சளியோடு வரும் இருமலில், படுக்கைக்குப் போகுமுன் ஒரு தேக்கரண்டித் தேன் கொடுத்தால் இருமல் தணிகிறது, தாயும் பிள்ளையும் தூங்க முடிகிறது என்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன; பிரித்தானியாவின் மருத்துவ வழிகாட்டி நிறுவனம் 2018இல் சளியோடு வரும் குறுங்கால இருமலுக்குத் தேனையும் பரிந்துரைத்தது. கடையில் விற்கும் இருமல் பாணிகள் பலவற்றைவிட நான் தேனையே நம்புகிறேன். உங்கள் மகன் முன்பே தேன் சாப்பிட்டு எந்தத் தொல்லையும் இல்லாதிருந்தால் அவனுக்கும் கொடுக்கலாம். ஆனால் அவனுடைய இருமல் சளியால் வருவதா, தொய்வு கட்டுப்பாட்டில் இல்லாததால் வருவதா என்பதைப் பிரித்தறிய வேண்டும். இரவில் விழித்தெழுந்து இருமுகிறான், ஓடினால் இருமுகிறான் என்றால் அது இன்ஹேலரைப் பற்றி வைத்தியரிடம் பேச வேண்டிய இருமல்.

மற்றது புண். சில தீக்காயங்கள் தேன் கட்டினால் விரைவாக ஆறுகின்றன என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. அதற்குப் பயன்படுவது கதிர்வீச்சினால் கிருமி நீக்கப்பட்ட மருத்துவத் தேன். அம்மாவின் காலில் ஒரு சிறு புண் வந்தாலும் அடுக்களைத் தேனைத் தடவ வேண்டாம்; நீரிழிவு உள்ளவரின் காற்புண்ணை அன்றைக்கே வைத்தியர் பார்க்க வேண்டும்.

தங்கையின் குழந்தைக்கு வருகிறேன். தேனில் குளொஸ்ரிடியம் பொட்டுலினம் என்ற பக்டீரியாவின் வித்திகள் இருக்கக்கூடும். வளர்ந்தவர்களின் குடலில் வாழும் கோடிக்கணக்கான நற்கிருமிகள் அவற்றை முளைக்க விடுவதில்லை. ஒரு வயது நிரம்பாத குழந்தையின் குடலில் அந்தக் காவல் இன்னும் அமையாததால் வித்திகள் முளைத்து, நரம்புகளை முடக்கும் நஞ்சைச் சுரக்கின்றன. முதலில் மலம் இறுகும்; பிறகு குழந்தை பால் உறிஞ்ச முடியாமல் சோரும், அழுகை மெலியும், கழுத்து துவளும், இறுதியில் மூச்சுத் தசைகளும் தளரலாம். தேனைக் கொதிக்க வைத்தாலும் அவ்வித்திகள் சாவதில்லை. மலைத்தேன், கலப்படமற்ற தேன் என்பதாலும் இந்த ஆபத்து நீங்காது. மாமியாரிடம் இதைச் சொல்லும்போது அவருடைய வழக்கத்தைக் குறை சொல்ல வேண்டாம். முதல் இனிப்பு பெரியவர் கையால் கிடைக்க வேண்டும் என்ற அன்புதான் அதன் பின்னால் இருக்கிறது. அந்தத் தேனை மூடி வைத்து, குழந்தையின் முதலாவது பிறந்தநாள் கழிந்தபின் அவர் கையாலேயே ஊட்டட்டும். தேன் அதுவரை கெடாது. அதுவரைக்கும் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால், ஆறு மாதம் முழுவதும் தாய்ப்பால் மட்டும். மகப்பேற்று விடுதித் தாதியரும் குடும்பநல உத்தியோகத்தரும் இதையே சொல்வார்கள். நீங்கள் சொல்லத் தயங்கினால் அவர்களைக் கொண்டு சொல்லச் செய்யுங்கள்.

அண்ணா அடுத்து அனுப்பக்கூடியவற்றையும் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். தொய்வு உள்ளவர்களுக்கும் வோர்பரின் எடுப்பவர்களுக்கும் சொன்ன இதே எச்சரிக்கை மகரந்த மணிகளுக்கும் பொருந்தும். தேன்மெழுகு கலந்த களிம்பை, புண்ணோ வெடிப்போ இல்லாத வறண்ட குதிகாலுக்கு அம்மா பூசலாம். மூட்டு நோவுக்குத் தேனீயைக் கொட்டச் செய்யும் சிகிச்சை என்று யாராவது சொன்னால் கேட்கவே வேண்டாம். அச்சிகிச்சையால் ஒவ்வாமை அதிர்ச்சி ஏற்பட்டு உயிரிழந்தவர் உண்டு. கொட்டு எவ்வளவு கொடியது என்பதை நமது தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்யும் பெண்களிடம் கேட்டால் தெரியும்.

திறக்காத போத்தல்களை என்ன செய்வது என்பது உங்கள் மனதில் இருக்கும். பக்கத்து வீட்டாருக்குக் கொடுத்துவிடாதீர்கள். அந்த வீட்டில் யாருக்குத் தொய்வு, யார் என்ன குளிசை எடுக்கிறார் என்பது நமக்குத் தெரியாது. அண்ணாவுக்குத் தொலைபேசியில் சொல்லும்போது, வேண்டாம் என்பதோடு நிறுத்தாமல், வேண்டியதையும் சொல்லுங்கள். மகனின் இன்ஹேலரோடு பொருத்தும் நல்ல ஸ்பேசர் ஒன்று, வீட்டில் அம்மாவின் சீனியை அளக்கும் கருவிக்குரிய பரிசோதனைப் பட்டிகள் சில பெட்டிகள், இவ்விரண்டும் இங்கே விலை கூடியவை, அங்கே எளிதில் கிடைப்பவை. கருவியின் மாதிரிப் பெயரைப் படம் பிடித்து அவருக்கு அனுப்புங்கள். பட்டி மாறினால் அந்தக் கருவி அதை ஏற்காது.